கணவாயில் குடியிருக்கிறவளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் வந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. பகலெல்லாம் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரியில் குரூப் டூ பரீட்சைப் புத்தகத்தோடு நீ மல்லுக்கட்டுவது தெரியும். அதனால் திட்டக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இப்படி ஒரு வரி எழுதிவிட்டாயே: “யூரல் மலையைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது மாமா. 2,500 கிலோமீட்டருக்கு ஒரே கோடு, ஐரோப்பா அந்தப் பக்கம், ஆசியா இந்தப் பக்கம். நம்முடையது என்ன? அங்கொரு மொட்டைப் பாறை, இங்கொரு குன்று. இதையும் மலைத்தொடர் என்று எழுதினால்தான் மார்க் போடுவார்களா?”

மார்க் போடுவார்கள். ஆனால் மார்க்குக்காக எழுதாதே. பிறந்ததிலிருந்து ஆம்பூரில் இருக்கிறாய். கிழக்கு மலைத்தொடரின் நட்ட நடுவில் குடியிருந்துகொண்டு ‘மலைத்தொடர் எங்கே’ என்று கேட்கிறாய். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீடு எங்கே என்று தேடுகிறவளுக்குச் சன்னலைத்தான் திறந்து காட்ட வேண்டும். காட்டுகிறேன், பொறுமையாகக் கேள்.

முதலில் உன் யூரல். நீளத்தைப் பார்த்து மயங்கிவிட்டாய், உயரத்தைப் பார்த்தாயா? அதன் மிக உயர்ந்த சிகரமான நரோத்னயா 1,895 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637. அதுவும் அந்த 1,895 வடக்கே, ஆளில்லாத குளிர்க்காட்டில். நடு யூரல் இன்னும் தாழ்வு. எக்கத்தெரின்பர்க் நகரத்துப் பக்கம் சைபீரிய ரயில் பாதை மலையைக் கடக்கிற இடத்தில் உயரம் 400 மீட்டர் சொச்சம்தான். சன்னலோரம் கண்ணயர்ந்தவன் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போனதே தெரியாமல் போய்விடுவான். அதனால்தான் அங்கே தூண் நட்டு ‘இது ஐரோப்பா, இது ஆசியா’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீ வரைபடத்தில் பார்த்த அழுத்தமான கோட்டை, தரையில் நிற்கிற மதில் என்று எடுத்துக்கொண்டாய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் செய்கிற பிழைதான், உன்னை மட்டும் சொல்லவில்லை.

யூரல் ஏன் அவ்வளவு தாழ்ந்தது? வயது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு பெரிய நிலத்தட்டுகள் மோதி எழும்பிய மலை அது. ஒருகாலத்தில் இன்றைவிட மிக உயரமாக நின்றிருக்கும். மழையும் பனியும் காற்றும் அத்தனை காலம் தேய்த்ததில் மிச்சம் இருப்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கிறோம். இமயமலை வெறும் 5 கோடி ஆண்டுப் பிள்ளை, அதனால்தான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது உன் வீட்டு மொட்டை மாடிக்கு வா. அங்கிருந்து தெரிகிற பாறைகளில் பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுப் பழசு. யூரலைப் போல எட்டு மடங்கு. ஏலகிரி மட்டும் வேறு கதை: பூமிக்கு அடியில் இருந்து உருகி மேலே வந்து, கீழேயே இறுகிப்போன பாறைக் குழம்பு அது. சையனைட் என்று பெயர், வயது சுமார் 75 கோடி ஆண்டு. சுற்றியிருந்த பழைய பாறை கரைந்து போனதும் இறுகிய இந்தக் கட்டி மட்டும் தனித்து நின்றுவிட்டது. வாணியம்பாடியில் இருந்து பார்த்தால் ஏலகிரி ஏன் அப்படி ஒண்டியாக எழுந்து நிற்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்பாயே, அதற்கு விடை இதுதான். ஆக, யூரல் தேய்ந்த மலை என்றால், நம்முடையது அதைவிடப் பல மடங்கு நேரம் தேய்ந்த மலை. துண்டு துண்டாகக் கிடப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது?

“ஒத்துக்கொள்கிறேன், ஆனால் துண்டுகளை ஒரே தொடர் என்று எப்படிச் சொல்வது?” என்று அடுத்த வரியில் கேட்பாய். உன் கேள்வி நியாயமானதுதான். ஒடிசாவில் மகாநதிக் கரையில் தொடங்கி, ஆந்திரம் வழியாக இறங்கி, நம் ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு, கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று வந்து, திண்டுக்கல் சிறுமலையில் முடிகிறது இந்த வரிசை. ஆனால் இது ஒரே பாறை இல்லை, ஒரே நாளில் எழுந்ததும் இல்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கத்து மலைகளின் பாறை, அன்டார்க்டிகாவில் இருக்கிற பாறையோடு பொருந்துகிறது. இந்தியாவும் அன்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த காலத்து மிச்சம் அது. கடப்பைப் பக்கத்து நல்லமலை, வேலிகொண்டா எல்லாம் பழைய கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகிய அடுக்குகள். நம் பக்கம் சார்னோக்கைட்டும் நைஸும். இந்த சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்த விதம் உனக்குப் பிடிக்கும்: கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைப் பலகை, சென்னை பல்லாவரம் பக்கத்துப் பாறையில் செய்தது. தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயர் சூட்டிவிட்டார்.

ஆகவே யூரலுக்கு ஒரு பிறப்புக் கதை, நம் கிழக்கு மலைக்கு மூன்று நான்கு பிறப்புக் கதைகள். மூன்று நான்கு வேறு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றதால், வெளியூர்க்காரன் ஒரே பெயர் வைத்துவிட்டான். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் உன் விடைத்தாள் தனியாகத் தெரியும். இன்னொரு பொறி இருக்கிறது, விழுந்துவிடாதே: கிழக்கு மலைத்தொடரில் மிக உயரமானது எது என்று கேட்டால் பாதிப் பேர் ஒடிசாவின் மகேந்திரகிரி என்று எழுதுவார்கள். அது 1,501 மீட்டர். அரக்குப் பக்கத்துச் சிகரங்கள் 1,600ஐத் தாண்டுகின்றன. நம் ஏற்காட்டு மலையே 1,600ஐ எட்டிப் பிடிக்கிறது.

அடுத்த பிழை இன்னும் பெரியது. யூரல் நீரைப் பிரிக்கிற மலை. மேற்குப் பக்கம் விழுந்த மழை காமா வழியாக வோல்காவுக்கும், கிழக்குப் பக்கம் விழுந்தது ஓப் ஆற்றுக்கும் போகிறது. அதைப் படித்துவிட்டு, கிழக்கு மலைத்தொடரும் அப்படியே என்று எழுதியிருக்கிறாய். இல்லை தேன்மொழி. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது மேற்குத் தொடர்ச்சி மலை. 1,600 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இடைவிடாமல் நிற்கிறது, பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படியான வழி. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் அங்கே பிறந்து கிழக்கே ஓடி வருகின்றன. வழியில் கிழக்கு மலை குறுக்கே நின்றால் அறுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவில் கோதாவரி, கண்டிக்கோட்டையில் வடபெண்ணை, ஒகேனக்கல்லில் காவிரி. கிழக்கு மலைத்தொடரைத் துண்டாக்கியது இந்த ஆறுகள்தான். உச்சிகளை மனப்பாடம் செய்கிறாயே, இடைவெளிகளை மனப்பாடம் செய். இந்த மலையின் சரித்திரம் முழுக்க இடைவெளிகளில்தான் நடந்திருக்கிறது. அதில் ஒன்றில்தான் உன் வீடு இருக்கிறது.

பாலாற்றைச் சொல்கிறேன். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பாலாறும் தென்பெண்ணையும் அக்கம்பக்கமாகப் பிறக்கின்றன. இரண்டும் தெற்கே இறங்கி வருகின்றன. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி வாணியம்பாடிப் பக்கம் நம் மண்ணுக்குள் நுழைகிறது. அங்கே ஏலகிரியும் ஜவ்வாதும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கின்றன. அவற்றில் மோதாமல் வடகிழக்கே திரும்பி, ஆம்பூர், மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர் என்று மலையடிவாரத்தைத் தடவிக்கொண்டே போய், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வாயலூரில் கடலில் கலக்கிறது. தென்பெண்ணை அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகப் போய்க் கடலூரில் கலக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு ஆறுகளை அத்தனை தூரம் பிரித்து வைத்தது ஜவ்வாது. ஏலகிரியின் இந்தச் சரிவில் விழுந்த துளி வாணியம்பாடி வழியாகப் பாலாற்றுக்கு, திருப்பத்தூர்ப் பக்கம் விழுந்தது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. “இப்போதுதானே நீரைப் பிரிக்காது என்றீர்கள்” என்று பிடித்துவிடாதே. முழுத்தொடராகப் பிரிக்காது, தனித்தனி மலையாகப் பிரிக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும்.

மைசூர்ப் பீடபூமி 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை கடல் மட்டத்தில். நடுவில் எங்கே ஏறுவது? அடுத்த முறை சென்னையில் இருந்து ரயிலில் வரும்போது கைப்பேசியை மூடி வைத்துவிட்டு இடது பக்கம் உட்கார். வேலூரில் 200 மீட்டருக்குச் சற்று மேல், ஆம்பூரில் 300க்குச் சற்று மேல். நூறு மைல் ஏறியிருக்கிறாய், உடம்புக்குத் தெரியவே தெரியாது. இடது பக்கம் ஜவ்வாது கூடவே வரும். வலது பக்கம் பேரணாம்பட்டு மலைகள், அதாவது பீடபூமியின் ஓரம். வாணியம்பாடி தாண்டினால் ஜவ்வாது பின்வாங்கி ஏலகிரி வந்துவிடும், அதன் காலடியில் ஜோலார்பேட்டை. அதற்கப்புறம் பச்சூர், மல்லானூர், குப்பம் என்று இஞ்சின் நிஜமாகவே ஏறத் தொடங்கும். சுமை வண்டியோடு அந்தப் பாதையில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார், பாலாறு எத்தனை சிரமத்தை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது என்று.

இந்தச் சரிவுப் பாதையை முதலில் கண்டுபிடித்தவர்கள் ரயில்காரர்கள் இல்லை, படைக்காரர்கள். நம் பக்கத்தில் மலைக்கு மூன்று திறப்புகள் முக்கியம். வடக்கே தாமல்செருவுக் கணவாய், நடுவில் ஆம்பூர், தெற்கே ஜவ்வாதுக்கும் அடுத்த மலைகளுக்கும் நடுவில் செங்கம். 1740 மே மாதம் மராத்தியப் படை தாமல்செருவு வழியாக இறங்கியது, தடுக்கப் போன ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி அங்கேயே செத்தார். 1749 ஆகஸ்ட் 3, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஆம்பூர் வழியாக வந்தார்கள், வழியை அடைத்து நின்ற நவாப் அன்வருதீன் உன் ஊரிலேயே மாண்டார். கர்நாடகப் போர்கள் என்று நீ தனிப் பாடமாக மனப்பாடம் செய்கிறாயே, அதன் திருப்புமுனை உன் ஊர்க் கணவாயில் நடந்தது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் செங்கம் கணவாயில் ஆங்கிலேயருடன் மோதினார்கள். அதே வருடக் கடைசியில் ஹைதர் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார், கோட்டை விழவில்லை. சரித்திரம் ஒரு புத்தகம், புவியியல் இன்னொரு புத்தகம் என்று தனித்தனி அட்டை போட்டுப் படிக்கிறவளுக்கு இது தெரிய நியாயமில்லை. இரண்டையும் ஒரே மேஜையில் விரித்து வை.

ரயில் வந்த கதை சுருக்கம்தான். 1856 ஜூலை 1, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை. பிறகு பாலாற்றோரமே ஏறி ஜோலார்பேட்டை, 1864இல் பெங்களூர். இன்றைய நெடுஞ்சாலையும் அதே தடத்தில்தான் போகிறது. படை போன வழியில் ரயில், ரயில் போன வழியில் லாரி.

அந்த வழியோரம் தோல் தொழில் ஏன் குவிந்தது என்று என்றைக்காவது யோசித்தாயா? “தோலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம், அது வியாபாரிகள் கொண்டுவந்தது” என்று உன் ஆபீசில் யாராவது சொல்வார்கள். வியாபாரிகள் கொண்டுவந்தது உண்மை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் உழைப்பும் துணிச்சலும் இல்லாமல் இது நடந்திருக்காது. குழியில் இறங்கி நின்று தோல் புரட்டிய சேரி மக்களின் உழைப்பு அதைவிடப் பெரியது. ஆனால் இவர்கள் இருவரும் ஏன் தஞ்சாவூரில் குழி வெட்டவில்லை? மலையடிவாரத்து வறண்ட காட்டில் ஆவாரை புதராக மண்டும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரை. அதன் பட்டையை உரித்து, காயவைத்து, இடித்துக் குழியில் ஊறப்போட்டால் தோலைக் கெடாமல் ஆக்குகிற துவர்ப்புச் சாறு இறங்கும். சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கிய தோலை அந்தப் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டி ஊறவைப்பார்கள். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர். அது தோலின் நிறத்தைத் தெளியவைத்து, வெளிர் மஞ்சளாக்கும். ஆவாரை அடிவாரத்தில், கடுக்காய் ஜவ்வாது மலைமேல், கால்நடை பீடபூமியிலும் மலையிலும், ஊறவைக்கத் தண்ணீர் பாலாற்று மணலுக்கு அடியில், ஏற்றிவிட ரயில். ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று பெயர் போட்டு லண்டன் ஏலத்துக்குப் போன பாதி பதப்பட்ட தோல் இப்படித்தான் தயாரானது. மலையும் இடைவெளியும் சேர்ந்து கொடுத்த தொழில் அது.

பிறகு குரோம் வந்தது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் அதை நம் ஊருக்குப் பழக்கினார். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளில் முடிந்தது. டிரம்மில் இருந்து எடுத்ததும் நீலம் பாரித்து ஈரமாக இருக்குமே, வெட் ப்ளூ, நீ தினமும் ரசீதில் எழுதுகிற சரக்கு. அந்த நீலம் குரோமியத்தின் நிறம்.

அந்தக் குரோமியத்தை மனிதன் முதலில் எதிலிருந்து கண்டுபிடித்தான் தெரியுமா? எக்கத்தெரின்பர்க் பக்கத்தில் பெரியோசவ்ஸ்கி தங்கச் சுரங்கத்தில், செக்கச்செவேல் என்று பளபளக்கிற ஒரு ஈயக் கனிமம் கிடைத்தது. குரோக்கொய்ட் என்று பெயர். 1797இல் பாரிஸில் வோக்லன் என்ற வேதியியலாளர் அதை ஆராய்ந்து அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் குரோமியம். எக்கத்தெரின்பர்க் எங்கே இருக்கிறது? நீ பொறாமைப்பட்ட யூரல் மலைமேல். ஆம்பூர் ஷூவுக்கும் யூரலுக்கும் உறவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாய் அல்லவா? அடுத்த முறை வெட் ப்ளூ ரசீது எழுதும்போது யூரலையும் நினைத்துக்கொள். இன்றைக்கு இந்தியாவுக்குக் கிடைக்கும் குரோமைட் தாது பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது.

குரோம் வந்ததும் தொழிலுக்கும் மலைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முறிந்தது. ஆவாரையும் கடுக்காயும் தேவைப்படாதவர்களுக்கு மலையும் தேவைப்படவில்லை. தண்ணீர் மட்டும் தேவைப்பட்டது. ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு முப்பது லிட்டருக்கு மேல் எடுத்து, உப்பும் குரோமும் கலந்து திருப்பி விட்டார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டிருப்பதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இந்த நாட்டில் எந்த மூலையில் சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் என்ற பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடந்ததும், மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்ததும் நீ கேள்விப்பட்டிருப்பாய். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, வேலை கொஞ்சம் திருந்தியது. போதாது. உன் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் இதைப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்குகிறவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

“பாலாறு வறண்டதற்குக் கர்நாடகாதானே காரணம்?” என்று கடிதத்தின் பின்பக்கத்தில் குறுக்கே கேட்டிருக்கிறாய். பாதி சரி. மேலே பேத்தமங்கலம் போன்ற தேக்கங்கள், ஆந்திர எல்லையில் தடுப்பணைகள், இதையெல்லாம் பேச 1892இல் மதராஸும் மைசூரும் போட்ட ஒப்பந்தம், எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் தங்கள் பங்கைத் தப்பவிடுகிறார்கள். பாலாறு நந்தி மலை நீரை மட்டும் நம்பிய ஆறு இல்லை. பலமநேரில் இருந்து கவுண்டின்யா குடியாத்தம் வழியாக வருகிறது. ஆந்திரப் பக்கத்தில் இருந்து பொன்னை வருகிறது. அணைக்கட்டுப் பக்கம் அகரம் ஆறு ஜவ்வாதில் இருந்து இறங்குகிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாயே, அது மழை நன்றாகப் பெய்தால் மலைகளும் பீடபூமியும் சேர்ந்து தரக்கூடியது. அதைப் பிடித்து வைக்க வேண்டிய மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம், ஏரிக்கு வருகிற கால்வாயில் வீடு கட்டினோம். இதற்குப் பெங்களூர்க்காரன் பொறுப்பில்லை.

வேலூரைப் பற்றி ‘தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை’ என்று கேலி பேசுவார்களே, நீயும் ‘மொட்டைப் பாறை’ என்று அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. வெயில் சூடேறி இரவெல்லாம் அனல் கக்கும் பாறைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆலங்காயம் பஸ் ஏறி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஒருதரம் போய் வா. ஆயிரம் மீட்டரைத் தொட்டு நிற்கிற மேடு, சாமையும் கேழ்வரகும், பலா, தேன், கடுக்காய், ஒருகாலத்தில் திருப்பத்தூர்க் கிடங்கை நிறைத்த சந்தன மரங்களின் மிச்சம். அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரைப் பார்த்துக் கேரளத்து ஆட்கள் என்று வாய் தவறிச் சொல்லி என் மானத்தை வாங்காதே. காஞ்சிபுரத்தில் இருந்து மலையேறியதாக அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், பேசுவது தமிழ். காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. 1988இல் அங்கிருந்துதான் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டை அந்த மலை கொடுத்தது.

பரீட்சைக்கு உன் விடையை எப்படி எழுதுவது என்று இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தோடு நீ வரைந்து அனுப்பிய வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன், திருத்து. ஏலகிரியை ஜவ்வாதோடு ஒட்டிவிட்டாய். இரண்டுக்கும் நடுவில் ஆலங்காயம், திருப்பத்தூர்ப் பள்ளம் இருக்கிறது, பிரித்து வரை. ஆம்பூரைப் பாலாற்றுக்கு எந்தக் கரையில் போடுவது என்று குழம்பி ஆற்று நடுவிலேயே வீடு கட்டியிருக்கிறாய். சேயாறு ஜவ்வாதில் பிறக்கிறது என்று சரியாகப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய்த் தென்பெண்ணையில் விட்டிருக்கிறாய். அது தனியாகச் சுற்றிப் போய், காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில்தான் கலக்கிறது. ஜவ்வாதின் முதுகுப் பக்கத்துத் தண்ணீர்கூடக் கடைசியில் உன் ஆற்றுக்கே வருகிறது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, மையில் வரைந்து தைப்பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா. அக்காவிடம் மலைத்தேன் ஒரு பாட்டில் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா
ஜோலார்பேட்டை